நாலில் ஒரு பச்சை

நான் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. போன மாதம் பண்ணையில் பழைய ஆட்களைக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்று மைக்கை நீட்டினார்கள். எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. இப்போது அங்கே பூவுக்குப் பை மாட்டும் வேலை செய்கிற பெண்கள் விடவில்லை. "பேசத்தான வராது, எழுதிக் குடுங்க. உங்க காலத்துல இதெல்லாம் எப்டி ஆரம்பிச்சாங்கன்னு எங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றார்கள். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் செடியோடுதான் காலம் தள்ளினேன். எல்லாவற்றையும் எழுதினால் நீளும். செஞ்சியில் இருந்த முதல் நாலு வருஷத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பின்னால் நான் செய்ததெல்லாம் அங்கே தெரிந்துகொண்டதுதான்.

அது உலகச் சண்டைக் காலம். கொட்டைமுத்து எண்ணெய் இயந்திரங்களுக்கு வேண்டும் என்று பேச்சு. புத்தகத்தில் ஆமணக்கு என்று போட்டிருக்கும், நாங்கள் கொட்டைமுத்து என்போம். கோட்டை மலைக்குக் கிழக்கே கொஞ்சம் பூமியை எடுத்து, கொட்டைமுத்துச் செடிக்கு ஒரு சோதனைத் தோட்டம் போட்டார்கள். என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போயிருந்தார். வீட்டில் மாமியாரும் நானும்தான். கூலி வேலைக்கு என்று தோட்டத்துக்குப் போனேன். எண்ணும் எழுத்தும் தெரிந்த பொம்பளை யாராவது உண்டா என்று கேட்டார்கள். மற்றவர்கள் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். அப்படித்தான் செடியில் கட்டும் சீட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது.

தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் அப்பாண்டை நயினார். மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணர். விவசாயப் படிப்பு படித்தவர். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. எங்களைப் போன்ற கூலிக்காரிகளை யாரும் "நீங்க" என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர் சொன்னார். முதல் நாள் எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். அதனால் மலையின் நிழல் கடைசி வரிசையைத் தொட்டதும் எங்களுக்கு வேலை முடிந்தது. புழுவைக்கூடக் கொல்ல விடமாட்டார். கொட்டைமுத்து இலையில் புழு விழாமல் இருக்காது. பொறுக்கி வாளியில் போட்டு, ஏரிக்கரையில் தானாக வளர்ந்த செடிகளில் கொண்டுபோய் விடவேண்டும். எங்கள் மேஸ்திரி குப்பம்மா அக்கா வாளியைத் தூக்கும்போதெல்லாம், "பொண்ணுங்கள மாமியார் வூட்டுக்கு அனுப்பற மாதிரி இல்ல அனுப்பறாரு. சீர் வரிசைதான் பாக்கி" என்பாள். அவரும் சிரித்துக்கொள்வார்.

முதல் வருஷம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது கண்ணால் பார்க்கத்தான். தண்டு சிவப்பாக இருக்கும் செடி ஒரு பக்கம், தண்டு பச்சையாக இருக்கும் செடி ஒரு பக்கம். சிவப்பு வரிசையில் பச்சை முளைத்தால் கலவன், பிடுங்கு. பச்சை வரிசையில் சிவப்பு முளைத்தாலும் பிடுங்கு. குப்பம்மா அக்கா வரப்பில் நின்றுகொண்டே எட்டாவது செடி, பதினோராவது செடி என்று சொல்லிவிடுவாள். முளைத்துப் பத்தாம் நாள் கலவன் பொறுக்குவது எங்களுக்குக் களை எடுப்பதைப் போல ஒரு பழக்கமாகிவிட்டது.

அடுத்த வருஷம் ஒட்டுச் சேர்க்கை. இது இப்போதைய பெண்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அவர் சொல்லித் தந்தபடி எழுதுகிறேன். கொட்டைமுத்துக் கதிரில் மேலே இருப்பது பெண்பூ, உச்சியில் சிவப்பு நூல் பிரிந்தாற்போல் இருக்கும். கீழே இருப்பது ஆண்பூ, வெடித்தால் மஞ்சள் தூள் கொட்டும். பச்சைச் செடியைத் தாயாக வைத்துக்கொண்டோம். அதன் கதிரில் ஆண் மொட்டு ஒவ்வொன்றையும் வெடிப்பதற்கு முன்னால் நகத்தால் கிள்ளி எடுக்கவேண்டும். ஒன்று தப்பினாலும் வேலை கெட்டது. பிறகு எண்ணெய்க் காகிதப் பை மாட்டி அடியில் நூலால் கட்டவேண்டும். பெண்பூ விரிந்த காலையில், சிவப்புச் செடியின் ஆண்பூவைப் பறித்து வந்து அதன்மேல் தடவி, மறுபடி பை. சீட்டில் நாள், தாய் பெயர், அப்புறம் தகப்பன் பெயர்.

"தாய் பேரு முதல்ல எழுதுங்கம்மா. எப்பவும் தாய்தான் முதல்ல" என்றார்.

குப்பம்மா அக்கா விடுவாளா? "ஊருல எங்க போனாலும் அப்பன் பேரு இன்னான்னுதான் கேக்கறான். இந்தத் தோட்டத்துலதான் ஆத்தாளுக்கு மருவாதி!"

"பச்சை ஏன் தாயின்னு கேளுங்க" என்றார் நயினார். யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார். "நம்ம கை தவறி, அந்தச் செடியோட தூளே அது மேல விழுந்துட்டா, பிள்ளை பச்சையா முளைச்சு நம்மளைக் காட்டிக் குடுத்துடும். அதுக்குத்தான்."

மூன்றாம் வருஷம் அந்த விதையைப் போட்டோம். எல்லாம் சிவப்பு. எங்கோ ஓரிடத்தில் பச்சை வந்தது. அது கை தவறியது, பிடுங்கிவிடுங்கள் என்று அவரே சொன்னார். பிடுங்கினோம்.

"ஆத்தாக்காரி பச்சை. புள்ளைங்க அத்தினியும் செவப்பு. அப்ப பச்சை செத்துப் போச்சா நயினாரே?" என்று குப்பம்மா அக்கா கேட்டாள்.

"சாகலை. உள்ளே இருக்கு." என் கையில் இருந்த சீட்டுகளில் இரண்டை வாங்கினார். "ஒவ்வொரு செடிக்குள்ளேயும் தண்டு நிறத்துக்கு ரெண்டு சீட்டு இருக்கிறதா நினைச்சுக்குங்க. ஒண்ணு தாய் குடுத்தது, ஒண்ணு தகப்பன் குடுத்தது. ஒரு சீட்டு சிவப்பா இருந்தா போதும், தண்டு சிவப்பாயிடும். பச்சைச் சீட்டு பேசாம இருக்கும். ஆனா அழியாது. அந்தச் செடி தன் பிள்ளைக்குக் குடுக்கும்போது ரெண்டுல எதை வேணும்னாலும் குடுக்கும்."

குப்பம்மா அக்கா யோசித்தாள். "எங்க மாமியா மூக்கு எங்க வூட்டுக்காரருக்கு வரல. எம் பொண்ணு மூஞ்சில வந்து குந்திக்கினு கீது. அதானா இது?"

"அதே மாதிரிதான். ஆனா மூக்குக்கு ரெண்டு சீட்டு போதாது, இன்னும் நிறைய இருக்கும். மனுஷன் கஷ்டம். செடித் தண்டு லேசு."

இதை முதலில் கண்டுபிடித்தவர் தூர தேசத்தில் ஒரு கிறிஸ்தவ மடத்துச் சாமியார் என்றும், அவர் பட்டாணிச் செடியில் வருஷக்கணக்காக எண்ணிப் பார்த்தார் என்றும் சொன்னார். "உங்க சாமியார்தான்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் பாதிரியாரிடம் எப்படியோ கேட்டேவிட்டேன். அவருக்குத் தெரியவில்லை. சமணர் ஒருவர் சொல்லித்தான் எங்கள் சாமியார் பெருமை எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் வருஷச் செடியின் கதிருக்கு முழுசாகப் பை மாட்டி, அதன் தூளே அதற்கு விழும்படி விட்டோம். அந்த விதையை உறையில் போட்டு நான் சீட்டு எழுதும்போது அவர் என்னிடம் மட்டும் சொன்னார். "இப்ப தாய்க்கும் ஒரு சிவப்பு, ஒரு பச்சை. தகப்பனுக்கும் அப்படியே. ரெண்டு பக்கமும் பச்சை விழுந்தாத்தான் பிள்ளை பச்சை. ஏறக்குறைய நாலுக்கு ஒண்ணு வரணும். வந்தா நான் படிச்சது இந்த மண்ணுலேயும் சரி. நிறத்தைப் படிக்கத் தெரிஞ்சா, அப்புறம் எண்ணெயை, விளைச்சலை எல்லாம் படிக்கலாம். வராட்டி தோட்டத்தை மூடிடுவாங்க. பெரிய அதிகாரிக்கு ஏற்கெனவே இது விளையாட்டுன்னு நினைப்பு."

எங்கள் எட்டுப் பேர் வேலையும் அதில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த புளியங்கொட்டை இரண்டை உருட்டிப் பார்த்தேன். இரண்டும் வெள்ளையாக விழுவது நாலு தடவைக்கு ஒரு தடவை என்றுதான் வந்தது. சில சமயம் வெகுநேரம் விழவே இல்லை. சில சமயம் அடுத்தடுத்து விழுந்தது. "இன்னாடி, புருசன் பட்டாளத்துல, நீ தாயம் ஆடற" என்று மாமியார் திட்டினார்.

நாலாம் வருஷம். முடிச்சுப் போட்ட கயிற்றை நீட்டிப் பிடித்து, முடிச்சுக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு விதை என்று நாலு வரிசை போட்டோம். விதை முளைக்கும் சமயத்தில் நயினாருக்குக் குளிர் காய்ச்சல் வந்து, வண்டி வைத்து ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெரிய அதிகாரி வரப்போகிறார் என்று கடிதம் வந்திருந்தது.

பத்தாம் நாள் காலையில் குப்பம்மா அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். "ஏ புள்ளைங்களா, நயினாரு படுத்துக்கினு கீறாரு. பெரியவரு வரப்ப வரிசை செவப்பும் பச்சையுமா தெரிஞ்சா அவருக்குத்தான் கெட்ட பேரு. கலவன் ஒண்ணு நிக்கக் கூடாது. எறங்குங்க."

நான் வரிசையைப் பார்த்தேன். சிவப்புக்கு நடுவில் அங்கங்கே பச்சைத் தண்டு. வந்துவிட்டது!

"அக்கா, இது... ஐயா சொன்னாரு..." என்றேன்.

"இன்னாடி மொணமொணன்ற? போன வருசம் இந்த ஒட்டு வரிசையில பச்சை வந்தா புடுங்கச் சொன்னது யாரு? நயினாருதான?"

"ஆமாக்கா, ஆனா இந்த வருசம்..."

"ஐயோ, எழுத்துக்காரி வந்துட்டா, ஒதுங்குங்க!" என்று அவள் சொல்ல, மற்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, விளையாட்டுச் சிரிப்புதான். அதற்கே என் வாய் ஒட்டிக்கொண்டது. தலையைக் குனிந்தேன். எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். தெரிந்தே பிடுங்கினேன். என் கைதான் எல்லாரையும்விட வேகம்.

நயினார் திரும்பி வந்தது, அதிகாரி வருவதற்கு முதல் நாள். காய்ச்சல் மருந்தில் காது அடைத்துப் போய், கம்பளி போர்த்திக்கொண்டு வந்தார். நாலு வரிசையும் ஓரம் முதல் ஓரம் வரை குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். குப்பம்மா அக்கா வரப்பில் பெருமையாக நின்றாள்.

"எப்டி நயினாரே வரிசை? கோயில் கோலம் மாதிரி இல்ல?"

"நல்லா இருக்கும்மா" என்றார். வரப்பில் உட்கார்ந்தார். நோட்டை எடுத்து எழுதினார். நான் பக்கத்தில் சீட்டுக் கட்டோடு நின்றிருந்ததால் படிக்க முடிந்தது. 'சிவப்பு மட்டும். நான் எதிர்பார்த்தது தவறு.'

யார் மேலேயும் சந்தேகமே வரவில்லை அவருக்கு. காலி இடத்தை எல்லாம் விதை முளைக்காத குழி என்றே எடுத்துக்கொண்டார். கண்ணில் பட்டதை நம்பி, தான் படித்த படிப்புதான் தவறு என்று எழுதுகிறார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூட நான் பேசியிருக்க மாட்டேன்.

"ஐயா" என்றேன். "பச்சை வந்திச்சி."

நிமிர்ந்தார்.

"வந்திச்சி ஐயா. நாங்க புடுங்கிட்டோம். எனக்குத் தெரியும், நீங்க சொன்னது ஞாபகம் இருந்திச்சி. சொல்ல வாய் வரல. நானும் புடுங்கினேன்." அதற்குமேல் அழுகைதான் வந்தது.

நோட்டை மடியில் வைத்தார். பிறகு கேட்டார். "நீங்க கண்ணால பாத்தீங்களா? பச்சைத் தண்டு?"

"பாத்தேன்."

"எத்தனை?"

"எண்ணல ஐயா."

எழுதியதை ஒரே கோடாக அடித்தார். அடியில் இருந்தது படிக்கத் தெரியும்படி மெல்லிய கோடு. பக்கத்தில் எழுதினார்: 'பச்சை நாற்றுகள் நான் இல்லாதபோது பிடுங்கப்பட்டுள்ளன. முன்கூட்டிச் சொல்லி வைக்காதது என் தவறு.' எங்கள் யார் பெயரும் இல்லை.

குப்பம்மா அக்காவுக்கு விஷயம் புரிந்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி, என் வாயில ஒண்ணு போட்டாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று என்னைத்தான் கேட்டாள்.

பிடுங்கியதைப் போட்ட எருக்குழியைப் போய்க் கிளறினோம். கொட்டைமுத்தை மாடு தின்னாது, அதனால் நாற்று எல்லாம் அங்கேயே கிடந்தது. ஆனால் வாடிக் கறுத்து, எது பச்சை எது சிவப்பு என்று தெரியவில்லை. மற்ற வரிசைகளில் பொறுக்கியதும் கலந்திருந்தது. அப்போது நயினார் கயிற்றைக் கொண்டுவரச் சொன்னார். முடிச்சுக்கு ஒரு குழி. செடி இல்லாத முடிச்சில் எல்லாம் விரலால் மண்ணைக் கிளறிப் பார்க்கச் சொன்னார். முளைக்காத விதை அழுகிக் கிடந்தால் அது ஒரு கணக்கு. விதை இல்லாமல் அறுந்த வேர் இருந்தால் அது பிடுங்கிய குழி. எட்டுப் பேரும் முட்டி போட்டு மண்ணைத் துழாவினோம். நான் எழுதினேன். நின்ற சிவப்பு நூற்றுப் பதினைந்து. பிடுங்கிய குழி முப்பத்து நாலு.

குப்பம்மா அக்கா கணக்குத் தெரியாதவள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "சரியா வந்துடிச்சா? நாலுக்கு ஒண்ணு? அப்ப நாளைக்கு அதையே சொல்லிடுங்க நயினாரே!"

"கிட்டத்தட்ட வருது. ஆனா குழியை எண்ணினது செடியை எண்ணினது ஆகாதும்மா. ஒரு குழியில சிவப்பையே எலி கடிச்சிருந்தா? அவசரத்துல உங்க கை சிவப்பையும் சேர்த்துப் பிடுங்கியிருந்தா? பார்க்காததை நான் எப்படிப் பார்த்தேன்னு சொல்றது?"

மறுநாள் பெரிய அதிகாரி காரில் வந்து இறங்கினார். பூட்ஸ், தொப்பி. "என்ன மிஸ்டர் நயினார், இன்னும் கலர் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கீங்களா?" என்றார். நயினார் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"யார் பிடுங்கினது?"

"என் பொறுப்பு சார்."

"ஆகக்கூடி, நாலு வருஷம் கழிச்சு எனக்குக் காட்ட உங்ககிட்ட இருக்கிறது ஓட்டைதான்." சிரித்தார். "வேர்க்கடலை போடலாம் இந்த இடத்துல. நல்லா வரும்."

நயினார் தலை குனிந்து நின்றார். ஜுரத்தில் உடம்பு ஆடியது. உறையில் மிச்ச விதை இருந்தது அவருக்குத் தெரியாமல் இல்லை. தன் தப்புக்குத் தவணை கேட்க அந்த மனுஷனுக்கு மனம் வரவில்லை. அடுத்து ஒரு வார்த்தை அதிகாரி சொன்னால் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. போன தடவை வாயை மூடிக்கொண்டு நின்றதில் என்ன நடந்தது என்பதும் தெரிந்தது.

"வெத கீது சார்" என்றேன்.

அதிகாரி திரும்பினார். எல்லோரும் திரும்பினார்கள். நாலு பேர் பார்க்கப் பேசிப் பழக்கமில்லை. என்றாலும் ஆரம்பித்துவிட்டேனே.

"அதே செடி வெத, ஒறையில நாப்பது பொறுக்கி வெச்சிருக்கறேன். நான்தான் சீட்டு எழுதினேன். பத்து நாள்ல மொளைச்சிடும். நீங்களே உங்க கையால போடுங்க, நீங்களே வந்து எண்ணுங்க. நாங்க தண்ணி மட்டும் ஊத்தறோம். தொட மாட்டோம்."

"தொட்டா எங் கைய ஒடிச்சிடுங்க" என்று பின்னால் இருந்து குப்பம்மா அக்கா குரல் வந்தது.

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். சுற்றுப்பயணம் முடிந்து இதே வழியாகத் திரும்பவேண்டியவர்தான். என்ன தோன்றியதோ, தொப்பியை டிரைவரிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து நாற்பது விதையையும் தானே போட்டார். பதினைந்து நாள் கழித்து வருவதாகச் சொன்னார்.

அந்தப் பதினைந்து நாளும் நாங்கள் பாத்தியைச் சுற்றிப் பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்களைப் போல் சுற்றினோம். முதல் பச்சைத் தண்டு மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்த அன்று குப்பம்மா அக்கா இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "பழகின கைடி, நம்பக் கூடாது" என்றாள்.

சொன்ன நாளில் அதிகாரி வந்தார். அவரே எண்ணினார். நாற்பதும் முளைத்திருந்தது. சிவப்பு முப்பத்து மூன்று. பச்சை ஏழு.

"பத்து வரணுமே மிஸ்டர் நயினார்?"

"வரலாம், வராமலும் போகலாம் சார். செடி கணக்குப் பார்த்துக் குடுக்கிறது இல்லை. நாற்பது கொஞ்சம். நிறைய எண்ண எண்ணத்தான் நாலுக்கு ஒண்ணு கிட்ட நெருங்கும்."

அதிகாரி யோசித்தார். "அன்னைக்கு ஓட்டைக் கணக்கு ஒண்ணு சொன்னீங்களே. முப்பத்து நாலோ என்னமோ. அதையும் இதோட சேர்த்தா?"

"சேர்த்தா இன்னும் கிட்ட வரும் சார்."

"அப்ப சேர்த்து எழுதுங்களேன். நான் கையெழுத்துப் போடுறேன்."

அதிகாரியே வழி காட்டுகிறார். தலையை ஆட்டினால் தோட்டம் தப்பிவிடும், எங்கள் எட்டுப் பேர் வயிறும் தப்பிவிடும்.

"சேர்க்க மாட்டேன் சார்" என்றார் நயினார். "அது நான் பார்த்தது இல்லை. ஏழுதான்."

இந்தத் தடவை அதிகாரி சிரிக்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து, காரின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதினார். அடுத்த வருஷத்துக்கு இன்னும் இருபது வரிசை விதைக்க அனுமதி. எழுதிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

பிற்பாடு எத்தனையோ அதிகாரிகளிடம் வேலை பார்த்தேன். அவரவருக்கு அவரவர் திறமை. ஆனால் தனக்கு வேண்டிய எண்ணைப் பிறர் கையில் வைத்து நீட்டியும் வேண்டாம் என்று சொன்ன மனுஷனை நான் ஒருவரைத்தான் பார்த்தேன்.

கார் போன புழுதி அடங்கியது. நயினார் வரப்பில் உட்கார்ந்து பதிவுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "நீங்களே எழுதுங்கம்மா" என்றார். மொத்தம் நாற்பது, சிவப்பு முப்பத்து மூன்று என்று எழுதிவிட்டு, பச்சை என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு பாத்தியை இன்னொரு தடவை எண்ணினேன்.

குப்பம்மா அக்கா என் தோள்மேல் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி அப்டிப் பாக்கற? ஏழுதான், எழுது. நான் ஒண்ணும் புடுங்கல."